சீனி வருத்தக்காரருக்குப் போனில் ஒரு துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இந்த வருத்தத்துக்குப் பெயர் பல. படிவத்தில் நீரிழிவு, பழைய ஆட்களின் வாயில் சலரோகம், வீட்டில் சீனி வருத்தம், இளசுகளுக்கு சுகர். நான் இதோடு பதினாலு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த நாலைந்து பேரோடு நம்பர் மாற்றிக்கொண்டதில் தொடங்கிய எங்கள் வட்ஸ்அப் குழுவில் இப்போது நாற்பது பேர் வரையில் இருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். ஒவ்வொரு முறையும் குரல் பதிவில் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை, இளைப்பாறிய கணக்கு ரீச்சர்.

டொக்டர் இருக்கிறார், கிளினிக் இருக்கிறது. இன்னொரு வருத்தக்காரரிடம் கேட்க என்ன இருக்கிறது?

கனக்க இருக்கிறது. "நேரத்துக்கு ஊசி போடுங்கோ" என்று டொக்டர் சொல்வார். கலியாண வீட்டில் பந்தி எப்போது தொடங்கும் என்று சமையல்காரருக்கே தெரியாத நேரத்தில் என்ன செய்வது, எந்த அறைக்குள் போய்ப் போடுவது, "என்ன பிள்ளை, உனக்கும் வந்திட்டுதோ" என்று கேட்கும் மாமிக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் கிளினிக் கொப்பியில் எழுதித் தருகிற விஷயம் இல்லை. அந்த மாமியைச் சமாளித்த ஒருத்தியிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் குழுவில் கேள்விகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். "எப்படி" என்ற கேள்வியை எங்களிடம் கேளுங்கள். "எவ்வளவு" என்ற கேள்வியை டொக்டரிடம் கேளுங்கள். ஊசி போட்ட இடம் தடிக்காமல் எப்படி மாற்றி மாற்றிப் போடுவது என்று நாங்கள் சொல்வோம். எத்தனை அலகு போடுவது என்று எங்களில் ஒருவரும் சொல்ல மாட்டோம். சொன்னால் அந்தச் செய்தியை அழித்துவிடுவேன். இதில் நான் கொஞ்சம் பொல்லாதவள்தான்.

வருத்தக்காரர் வருத்தக்காரருக்குத் துணை என்பது வட்ஸ்அப்போடு வந்த புதினமும் இல்லை. ஆர்.டி.லோறன்ஸ் என்ற இளம் வைத்தியர் தானே இந்த வருத்தத்தால் சாகக் கிடந்தார். 1923இல் அவர் இத்தாலியில் இருந்தபோது, இன்சுலின் வந்துவிட்டது, உடனே வா என்று லண்டனில் இருந்து நண்பர் அறிவிக்க, ஓடிப்போய்ப் பிழைத்தவர். அவரும் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸும் சேர்ந்து 1934இல் பிரித்தானியாவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வெல்ஸுக்கும் இதே வருத்தம். இன்று 'டயபிற்றிஸ் யூகே' என்று இருப்பது அந்தச் சங்கம்தான். உலக சுகாதார நிறுவனமும் 2007 நவம்பரில் ஜெனீவாவில், வருத்தக்காரர் ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்கென்றே ஒரு கலந்தாய்வு வைத்தது.

நாங்கள் ஜெனீவா வரைக்கும் போகத் தேவையில்லை. 1990க்குப் பிறகு குடாநாட்டில் வருடக்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்சாதனப்பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் இன்சுலின் குப்பியை எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்று எங்கள் மூத்தவர்கள் ஒருவருக்கொருவர்தான் சொல்லிக்கொண்டார்கள். பெரிய மண்சட்டிக்குள் ஈரமணல், அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் குப்பி, மேலே நனைத்த துணி. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். இப்போதும் கரண்டு போய் நெடுநேரம் வராவிட்டால் எங்கள் குழுவில் அந்தச் சட்டி திரும்பவும் வரும்.

எங்கே தேடுவது?

முதலில் போனைப் பையில் வைத்துவிட்டுக் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். பெரியாஸ்பத்திரியோ, தெல்லிப்பழையோ, மந்திகையோ, சாவகச்சேரியோ, இரத்தம் குத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அந்த நேரத்தைப் போல வேறு நேரம் கிடையாது. ஒரே கிளினிக்குக்குப் போகிறவர்கள் சேர்ந்த சின்னக் குழுவைப்போல உருப்படியானது வேறில்லை. எந்த மருந்தகத்தில் விரல் குத்திச் சீனி பார்க்கும் ஸ்ரிப் வந்திருக்கிறது, அடுத்த கிளினிக் திகதி மாறியதா என்பதும் அதில்தான் வரும்.

அதற்குப் பிறகு முகநூல். தேடும்போது சொல்லில் கவனம். "நீரிழிவு" என்று அடித்தால் ஒரு கூட்டம் வரும், "சர்க்கரை நோய்" என்று அடித்தால் வேறு கூட்டம் வரும், இரண்டாவது பெரும்பாலும் தமிழ்நாடு. (எங்களுக்குச் சர்க்கரை என்றால் புக்கைக்குப் போடுவது. முதல் தரம் அந்தப் பெயரைப் பார்த்து நான் சிரித்தேன்.) தமிழ்நாட்டுக் குழுக்களில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், கதைக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அவர்களுடைய மருந்தின் வியாபாரப் பெயர் எங்கள் மருந்தகத்தில் இருக்காது. இன்சுலின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இந்தியாவில் மில்லிலீற்றருக்கு 40 அலகு உள்ள குப்பிகள் புழக்கத்தில் உண்டு. அதற்கென்று தனி ஊசி. உங்கள் குப்பியில் 100 என்று எழுதியிருந்தால் ஊசியிலும் 100 என்றுதான் இருக்க வேண்டும். இரண்டும் மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிழைக்கும்.

லண்டனில் இருக்கும் அண்ணை தனக்கு 8 என்கிறார். எனக்கு 140 காட்டுகிறது. நான் செத்துப்போவேனா?

இல்லை. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு வெளிநாட்டில் ஆள் இருப்பதால் இந்தக் கேள்வி வாராவாரம் வரும். இலங்கையில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கிறோம். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நோர்வே, சுவிஸ் எல்லாம் ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமோல் என்று பார்க்கிறார்கள். அவர்களுடைய எண்ணை 18ஆல் பெருக்கினால் எங்களுடைய எண் வரும். ஏன் 18? குளுக்கோசின் மூலக்கூற்று நிறை 180. ஒரு மில்லிமோல் என்றால் 180 மில்லிகிராம், அதை லீற்றரில் இருந்து டெசிலீற்றருக்குக் கொண்டுவர 10ஆல் வகுக்கிறோம். ஓ.எல். இரசாயனம்தான், மறந்திருப்பீர்கள். ஆக அண்ணையின் 8 எங்கள் 144. பிரான்ஸில் இருப்பவர் 1.26 என்று போட்டால் அது லீற்றருக்குக் கிராம் கணக்கு. தசமப் புள்ளியை இரண்டு இடம் தள்ளுங்கள், 126.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி.யிலும் இந்தக் குழப்பம் உண்டு. இஞ்சையும் கனடாவிலும் அது வீதத்தில் வரும். லண்டனில் 53 என்று வந்தால் அது எங்கள் 7 வீதம்.

சிரிக்கிற விஷயம் போல இருக்கும். ஒரு நாள் வெளிநாட்டில் இருந்த உறுப்பினர் ஒருவர் "எனக்கு 20, ஏலாமல் கிடக்கு" என்று போட்டார். இங்கிருந்த ஒருவர் அதை எங்கள் கணக்கு என்று எடுத்து, சீனி ஆபத்தாக இறங்கிவிட்டது என்று பதறி "உடனை சீனித்தண்ணி குடியுங்கோ" என்று எழுதிவிட்டார். 20ஐ 18ஆல் பெருக்கிப் பாருங்கள், 360. நல்ல காலம், அவர் குடிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் எண் போடுகிறவர் எந்த நாட்டுக் கணக்கு, சாப்பிட முதலோ பிறகோ, எத்தனை மணி என்று சேர்த்துத்தான் போட வேண்டும். வெறும் எண்ணுக்குப் பதில் இல்லை.

வெளிநாட்டில் இருந்து சீனி பார்க்கும் மெசினும் ஸ்ரிப்பும் அனுப்புகிறார்கள். வாங்கலாமா?

மெசினை வாங்க முதல், அதற்குரிய ஸ்ரிப் இங்கே கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். ஒரு மெசினின் ஸ்ரிப் இன்னொன்றுக்குப் பொருந்தாது. எங்கள் வீட்டு அலுமாரியில் ஸ்ரிப் இல்லாத மூன்று மெசின் சும்மா கிடக்கிறது. ஸ்ரிப்பின் காலாவதித் திகதியையும் பாருங்கள். இன்சுலின் என்றால் உறவினர் பெட்டிக்குள் வைத்து அனுப்புவதை எடுக்காதீர்கள். வழியில் எவ்வளவு சூட்டில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

குழு நல்லதோ கெட்டதோ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு கிழமை ஒன்றும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருங்கள். யாரோ ஒருவர் தனக்கு 310 என்று போடுவார். அவருக்கு என்ன பதில் வருகிறது? "வாயைக் கட்டியிருந்தால் இப்பிடி வருமோ" என்று வந்தால் அங்கே நிற்காதீர்கள். அப்படித் திட்டு வாங்குகிறவர் அடுத்த முறை எண்ணைப் போட மாட்டார், அதற்கடுத்த முறை குத்திப் பார்க்கவும் மாட்டார். "காய்ச்சல் ஏதும் இருக்கோ, மருந்து முடிஞ்சுதோ, கிளினிக்குக்கு ஒருக்கால் அடிச்சுப் பாருங்கோ" என்று வந்தால் இருக்கலாம்.

இன்னொன்று, குழுவை நடத்துகிறவர் ஏதாவது விற்கிறாரா என்று பாருங்கள். பவுடர், தேயிலை, மரக்கோப்பை, எதுவானாலும்.

"மருந்தை நிற்பாட்டினேன், மூன்று மாதத்தில் சுகம்" என்று ஒரு செய்தி வந்தது. உண்மையா?

இதில்தான் நான் நின்று கதைக்க வேண்டும்.

இந்தச் செய்திகள் முழுப்பொய்யாக இருந்தால் இலகு. அவற்றுக்குள் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல். பிரித்தானியாவில் டைரெக்ற் என்று ஓர் ஆய்வு நடந்து 2017இல் முடிவு வந்தது. பெரும்பாலானோருக்கு வரும் இரண்டாம் வகை வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்ட, இன்சுலின் போடாத, உடல் பருமனான ஆட்கள். அவர்களுக்குச் சில மாதம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து நிறையைக் குறைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 வீதமானவர்கள் மருந்தில்லாமலே நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். இரண்டாம் வருடம் அது 36 வீதமாக இறங்கியது. முழுக்க முழுக்க மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. நிறை திரும்ப ஏறினால் வருத்தமும் திரும்ப வரும். அந்த ஆய்வில் கருஞ்சீரகமும் இல்லை, வெண்டிக்காய் ஊறின தண்ணியும் இல்லை.

போனில் சுற்றும் செய்தியில் ஆறு வருடம், கண்காணிப்பு, நிறை எல்லாம் உதிர்ந்துபோய் "மருந்தை நிற்பாட்டினேன்" மட்டும் மிஞ்சும். அதை, உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத முதலாம் வகைக்காரர் ஒருவர் நம்பி இன்சுலினை விட்டால், இரத்தத்தில் கீற்றோன் அமிலம் ஏறிச் சில நாளிலேயே உயிர் போகலாம். செய்தியை அனுப்பினவருக்கு அது தெரியவும் வராது.

கைமருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறிஞ்சா இலை வறை எங்கள் வீட்டிலும் உண்டு. சித்த வைத்தியம் பார்க்க விரும்பினால் அதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கைதடியில் அதைப் படிப்பித்தே கொடுக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள், ஆங்கில மருந்து என்ன எடுக்கிறீர்கள் என்று அவரிடமும், சித்த மருந்து என்ன எடுக்கிறீர்கள் என்று கிளினிக்கிலும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து சீனியைத் தேவைக்கு மேல் இறக்கவும் கூடும். முகந்தெரியாத ஒருவர் அனுப்பிய படத்தில் இருக்கும் பொட்டலத்துக்கு இந்த மரியாதை தேவையில்லை.

புட்டு சாப்பிடலாமா? பனங்கட்டி?

பனங்கட்டியை முதலில் முடித்துவிடுவோம். "சீனி வேண்டாம், பனங்கட்டி கடிச்சுத் தேத்தண்ணி குடிக்கிறன்" என்று பெருமையாகச் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. பனங்கட்டியிலும் பெரும்பகுதி சுக்குறோசுதான். சீனியில் இருப்பதும் அதுதான். பனை எங்கள் அடையாளம், அதற்காகச் சதையி (இன்சுலின் சுரக்கும் உறுப்பு) அதற்குச் சலுகை தராது.

புட்டுக்கு எங்களிடம் ஒரே பதில் இல்லை. குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நம்பின ஒருவர் இரண்டு நீத்துப்பெட்டி (புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) சாப்பிட்டுவிட்டுக் குத்திப் பார்த்தார். மறுநாள் அவரே குழுவில் எழுதினார். குரக்கனும் மாதான், அதிலும் மாச்சத்து இருக்கிறது. இப்போது அவர் அரை நீத்துப்பெட்டிக்கு மேல் எடுப்பதில்லை, கூடவே கடலைக்கறியும் முருங்கையிலை வறையும். அவருக்குச் சரிவருகிறது. உங்களுக்குச் சரிவருமா என்று அறிய ஒரே வழி, சாப்பிட முதல் ஒருமுறையும் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறையும் குத்திப் பார்ப்பது. ஸ்ரிப் விற்கும் விலைக்கு ஒவ்வொரு நாளும் செய்ய முடியாது, தெரியும். நீங்கள் அடிக்கடி சாப்பிடும் நாலைந்து சாப்பாட்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் இந்தப் பரிசோதனைக்கு எங்கள் குழுவில் எல்லோரும் விஞ்ஞானிகள்.

விரதம், கோயில் திருவிழா?

கந்தசஷ்டியோ கேதாரகௌரியோ நோன்போ பிடிக்க நினைத்தால் ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சீனியை ஆபத்தாக இறக்கும். அளவை மாற்றுவது அவர்கள் வேலை. பலர் மறக்கிற ஒன்று, இளநீரிலும் சீனி இருக்கிறது.

நல்லூரின் 25 நாளிலும் எங்கள் குழுவில் அதிகம் அடிபடுவது கால். வெறுங்காலோடு போகிறோம், வெயில் ஏறினால் மணல் கொதிக்கும். நரம்பு மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது, வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்தபிறகுதான் தெரியும். விடியப் பூசைக்குப் போங்கள். வந்ததும் கால் கழுவித் துடைத்து, ஒரு முகக்கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். இந்தக் கண்ணாடி யோசனை குழுவில் ஒரு அக்கா சொன்னது.

எங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் முதலாம் வகை. அவளுக்கு யார் துணை?

எங்கள் குழு இல்லை. ஐம்பது வயதுக்காரர் புட்டைப் பற்றி அடிபடும் இடத்தில் அவளுக்கு என்ன இருக்கிறது? முதலாம் வகை வேறு உலகம். அங்கே இன்சுலின் மூச்சு மாதிரி. கிளினிக் நேர்ஸிடம் கேளுங்கள், இதே வயதில் பிள்ளை உள்ள இன்னொரு தாய் தகப்பன் சம்மதித்தால் தொடர்பு ஏற்படுத்தித் தருவார். ஒரே ஒரு வீடு கிடைத்தாலே போதும். இரு தாய்மார் இரவு 2 மணிக்குப் பிள்ளையின் சீனி பார்க்கிற ஒரே வேலைக்கு எழும்புகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரிந்தாலே பாரம் பாதி.

இந்த வகைப் பெற்றோர் சேர்ந்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு கதை. அமெரிக்காவில் ஜோன் கொஸ்ரிக் என்ற பொறியியலாளரின் சின்ன மகனுக்கு 2012இல் வருத்தம் வந்தது. பிள்ளையின் உடம்பில் ஒட்டியிருந்த சீனி அளக்கும் கருவியின் எண்ணைத் தான் வேலையிடத்தில் இருந்து பார்க்க வழியில்லை. தானே ஒரு நிரல் எழுதி எண்ணை இணையத்துக்கு ஏற்றி, 2013இல் அதை வெளியே சொன்னார். மற்றப் பெற்றோர் கேட்க, கொடுக்க, திருத்த, அது நைற்ஸ்கவுட் என்று வளர்ந்து ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது. முகந்தெரியாதவர்கள் முகநூலில் ஒருவருக்கொருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

கலியாணப் பேச்சு நடக்கிறது. குழுவில் சேர்ந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே?

இந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாதகத்தோடு வருத்தமும் விசாரிக்கிற ஊர் இது. வட்ஸ்அப் குழுவில் உங்கள் நம்பர் மற்ற உறுப்பினருக்குத் தெரியும், அதை மறைக்க முடியாது. ரெலிகிராமில் நம்பரை மறைத்துப் புனைபெயரில் இருக்கலாம். முகநூல் குழுக்கள் சிலவற்றில் பெயர் காட்டாமல் கேள்வி போடலாம், நடத்துகிறவருக்கு மட்டும் தெரியும். எங்கிருந்தாலும், கிளினிக் கொப்பியைப் படம் எடுத்துப் போடும்போது பெயர், அடையாள அட்டை இலக்கம், நம்பர் மூன்றையும் விரலால் மூடிவிட்டு எடுங்கள்.

ஆனால் கட்டப்போகிறவரிடம் மறைக்கிற யோசனைக்கு எங்கள் குழுவில் உதவி கிடைக்காது. எப்படிச் சொல்வது என்று கேளுங்கள், சொல்லிக் கட்டினவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

நடுச்சாமத்தில் கை நடுங்கி வியர்த்தால் குழுவில் போடலாமா?

போட வேண்டாம். முதலில் சீனி. 70க்குக் கீழே என்றால், அல்லது குத்திப் பார்க்க வழியில்லை என்றாலும், மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அது ஏறத்தாழ 15 கிராம். 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்துங்கள், ஏறாவிட்டால் இன்னொருமுறை. ஏறியபின் ஏதாவது சாப்பிடுங்கள். சொக்லேற் வேண்டாம், கொழுப்பு சீனியை மெதுவாக்கும். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. காலையில் எங்களுக்குச் சொல்லுங்கள்.

சாப்பாடும் மருந்தும் சரி. ஆனால் எல்லாம் வெறுத்துப்போகிறது. இதையும் சொல்லலாமா?

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்தச் சலிப்பு சோம்பலும் இல்லை, பக்குவமின்மையும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலொன்ஸ்கியும் கூட்டாளிகளும் 1995இலேயே இதை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். அளக்கும் அளவுக்கு அது பொதுவான விஷயம். எங்கள் குழுவில் ஒருவர் "இண்டைக்கு நான் குத்தேல்லை, குத்தவும் மாட்டன்" என்று போட்டால் யாரும் புத்தி சொல்வதில்லை. "நானும் போன கிழமை அப்பிடித்தான்" என்று யாராவது எழுதுவார்கள். உயிரை விடலாம் என்ற நினைப்பு வந்தால் குழுவைப் பார்த்திருக்க வேண்டாம், 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

அம்மாவுக்குப் போனில் எழுத்து வாசிக்கக் கண் தெரியாது.

குரல் பதிவு போதும். எங்கள் குழுவில் எழுபது தாண்டிய நாலு பேர் எழுதுவதே இல்லை, பேசியே அனுப்புவார்கள். சேவல் கூவுவதும் சேர்ந்து வரும்.

நாங்களே ஒரு குழு தொடங்கினால்?

தொடங்குங்கள். நாற்பது பேருக்கு மேல் போகாதீர்கள். காலை வணக்கப் படங்களை முதல் நாளே தடுத்துவிடுங்கள். நாங்கள் தடுக்கவில்லை, ரோசாப்பூவுக்குள் ஒருவரின் அவசரக் கேள்வி ஒரு நாள் முழுக்கப் புதைந்து கிடந்தது. நடத்த இரண்டு பேர் வேண்டும், ஒருவர் உறங்கும்போது மற்றவர் பார்க்க. அரசியல், தேர்தல், காணி விற்பனை எல்லாவற்றுக்கும் வேறு இடம் இருக்கிறது.

பிடிக்காவிட்டால் வெளியேறலாமா? கோபிப்பார்களா?

தாராளமாக. இப்போது வட்ஸ்அப்பில் வெளியேறினால் நடத்துகிறவருக்கு மட்டும்தான் அறிவித்தல் வரும். நான் யாருக்கும் சொல்வதில்லை. போன வருடம் போன ஒருவர் தைப்பொங்கலுக்குப் பிறகு திரும்பி வந்தார், பொங்கல் எவ்வளவு சாப்பிட்டார் என்று இன்னும் சொல்லவில்லை.